ஒரு சொல்லுக்கு யார் பொறுப்பு?

நான் வேலை செய்யும் உணவகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் அதன் பின்மண்டபத்தில் அகதிகளுக்கு இலவசமாக ஆங்கிலம் படிப்பித்தார்கள். நான் சைவன். பைபிளைத் தேடி அங்கே போனவனல்ல. வகுப்புத் தொடங்கமுன் தேநீர் தருவார்கள், ஹீற்றர் போட்டிருப்பார்கள் என்பதற்காகவே நேரத்தோடு போய்க் குந்தியிருப்பேன். அங்கிருந்த அலுமாரியில் இரண்டு ஆங்கிலப் பைபிள்கள் இருந்தன. ஒன்று கறுப்புத் தோலட்டை போட்டது. 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னனின் காலத்தில் வெளிவந்த மொழிபெயர்ப்பு. மற்றது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த புதிய மொழிபெயர்ப்பு. படிப்பித்த முதிய பெண்மணி, ஒரே அதிகாரத்தை இரண்டிலும் மாறிமாறி வாசித்தால் ஆங்கிலம் கெதியாகப் பிடிபடும் என்று சொல்லி, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துத் தந்தார்.

பழைய பைபிளில் அந்த அதிகாரம் முழுவதும் 'சரிட்டி' என்ற சொல் வந்தது. எனக்குத் தெரிந்த சரிட்டி ஒன்றே ஒன்றுதான். அப்போது நான் போட்டிருந்த குளிர்ச்சட்டையை மூன்று பவுணுக்கு வாங்கிய சரிட்டிக் கடை. அது நீடிய பொறுமையுள்ளது என்றும் பெருமை கொள்ளாது என்றும் ஒரு வேதநூல் ஏன் சொல்லவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. புதியதைத் திறந்தேன். அதே இடத்தில் 'லவ்' என்றிருந்தது. ஊரில் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்களின் தமிழ்ப் பைபிளிலும் அவ்விடத்தில் 'அன்பு' என்றுதான் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. மூலத்தில் இருப்பது ஒரே கிரேக்கச் சொல். அப்படியானால் இந்த வித்தியாசத்தை யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள்?

வேலையில்லாத நாட்களில் இந்தக் கேள்வியின் பின்னால் போனேன். பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட படிப்பை இப்படியாவது தொடரலாம் என்ற ஆசையும் இருந்தது. போகப்போக இது மொழி பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. மொழிபெயர்ப்பவன் யாருக்கு நேர்மையாக இருக்கவேண்டும்? எழுதியவனுக்கா, வாசிக்கிறவனுக்கா, தனக்குக் கூலி கொடுக்கிறவனுக்கா? அவன் தெரிந்தெடுக்கும் ஒரு சொல்லால் இன்னொருவனின் வாழ்வு மாறினால் அதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கமானது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

*

இயேசுவுக்கு முன்னர், மூன்றாம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். புலம்பெயர்ந்தவர்கள் அவர்கள். பிள்ளைகள் கிரேக்கம் பேசினார்கள், எபிரேயம் மறந்துகொண்டு போனது. அங்கேதான் எபிரேய வேதம் கிரேக்கத்துக்கு மாற்றப்படத் தொடங்கியது. அதைச் 'செப்துவஜிந்த்' என்கிறார்கள்; எழுபது என்று பொருள். எழுபத்திரண்டு அறிஞர்கள் அதைச் செய்தார்கள் என்பது கதை. பின்னால் வந்தவர்கள் அக்கதையை இன்னும் வளர்த்தார்கள்: அத்தனைபேரும் ஒரு சொல்லும் பிசகாமல் ஒரேமாதிரி எழுதினார்களாம்.

இந்தக் கதை ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தேன். எழுபத்திரண்டு பேரும் ஒன்றையே எழுதினார்கள் என்றால் அங்கே ஒருவரும் எதையும் தெரிந்தெடுக்கவில்லை என்றாகிறது. மனிதனுடைய கை அதில் படவில்லை. மொழிபெயர்ப்பு மூலத்தைப்போலவே புனிதமாகிவிடுகிறது. யாரும் பொறுப்பெடுக்கத் தேவையில்லாத ஒரு மொழிபெயர்ப்பு வேண்டும் என்ற ஆசைதான் அந்தக் கதை.

ஆனால் சொற்கள் அப்படி விடுவதில்லை. எபிரேயத்தில் ஏசாயா தீர்க்கதரிசி ஒரு 'இளம்பெண்' பிள்ளை பெறுவாள் என்று எழுதிய இடத்தில், கிரேக்கத்தில் 'கன்னி' என்று பொருள்படும் சொல் விழுந்தது. மத்தேயு கிரேக்கச் சொல்லையே எடுத்தாண்டார். இரண்டாயிரம் ஆண்டு விவாதம் ஒன்று அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது.

382இல் பாப்பரசர் தமாசுஸ், ஜெரோம் என்ற அறிஞரிடம் இலத்தீன் நற்செய்தி நூல்களைத் திருத்தும் பணியைக் கொடுத்தார். ஜெரோம் பின்னர் பெத்லகேமுக்குப் போய் அங்கிருந்துகொண்டு பழைய ஏற்பாட்டை நேரே எபிரேயத்திலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். யோனாவின் கதையில், வெயிலில் இருந்த யோனாவுக்கு நிழல் கொடுக்க ஒரு செடி முளைக்கிறது. சனங்கள் அதைச் சுரைக்கொடி என்றே கேட்டுப் பழகியவர்கள். ஜெரோம் அதை ஐவிக்கொடி என்று மாற்றினார். 403ஆம் ஆண்டளவில் அகுஸ்தீன் அவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவம் வருகிறது. இன்றைய லிபியாவின் திரிப்போலி இருக்கும் இடத்தில், ஓர் ஆயர் இந்தப் புதிய மொழிபெயர்ப்பை வாசித்தபோது சனங்கள் கொதித்தெழுந்துவிட்டார்கள். ஆயர் தன் சபையையே இழந்துவிடுவாரோ என்ற நிலை. ஒரு கொடிக்காக! நம்முடைய தமிழ்ப் பைபிளில் அது ஆமணக்கு. ஆமணக்கு என்றதும் வேலிக்கரையில் நின்ற அந்தப் பெரிய இலைகள் எனக்குத் தெரிகின்றன. எந்தச் செடி சரி என்பதை விட்டுவிடுங்கள். தாயும் தகப்பனும் சொல்லித்தந்த சொல்லை எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு படித்த மனிதர் மாற்றும்போது எழும் கோபத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

அதே ஜெரோம், மோசே மலையிலிருந்து இறங்கியபோது அவர் முகம் ஒளிவீசியது என்று பலர் பொருள்கொள்ளும் இடத்தில், கொம்பு முளைத்திருந்தது என்று எழுதினார். எபிரேயத்தில் அந்த வினைச்சொல் கொம்பு என்ற சொல்லோடு வேர் கலந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து மைக்கலாஞ்சலோ ரோமாபுரியில் செதுக்கிய மோசேயின் தலையில் இரண்டு கொம்புகள் இருக்கின்றன. மேசையில் இருந்து எடுத்த ஒரு முடிவு சலவைக்கல்லாகி நிற்கிறது.

*

இங்கிலாந்தில் ஜெரோமின் இலத்தீன்தான் நெடுங்காலம் வேதமாக இருந்தது. வடக்கே பீட் என்ற துறவி 735இல் மரணப்படுக்கையில் கிடந்தபடி யோவானின் நற்செய்தியை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அவருடைய மாணவர் எழுதியிருக்கிறார். அது நமக்குக் கிடைக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு, லிண்டிஸ்பார்ன் நற்செய்தி ஏட்டின் இலத்தீன் வரிகளுக்கு நடுவே, ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே சின்ன எழுத்தில் அக்கால ஆங்கிலச் சொல்லை எழுதிவைத்தார். அதன் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடைய ஆங்கில வகுப்புப் புத்தகமும் இப்படித்தான் இருந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ்.

1380களில் ஜோன் விக்கிளிவ்வும் அவருடைய வழிவந்தவர்களும் முழுப் பைபிளையும் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அச்சு இல்லாத காலம். கையால் எழுதிப் பரப்பினார்கள். 1409இல் கன்ரர்பரிப் பேராயர், அனுமதியில்லாமல் வேதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதையும் அப்படி மொழிபெயர்த்ததை வாசிப்பதையும் தடைசெய்தார். விக்கிளிவ் 1384இலேயே இறந்துவிட்டார். ஆயினும் 1415இல் கொன்ஸ்ரன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. 1428இல் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். செத்து நாற்பத்துநாலு வருடங்கள் ஆனவருக்கு.

நூறு ஆண்டு கழித்து வந்தவர்தான் வில்லியம் ரின்டேல். ஒக்ஸ்போர்டில் படித்தவர், பல மொழிகள் தெரிந்தவர். ஏர்பிடிக்கும் சிறுவனும் வேதத்தை அறியவேண்டும் என்பது அவருடைய ஆசை. மூலக் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்க்க லண்டன் ஆயரிடம் ஆதரவு கேட்டார், கிடைக்கவில்லை. 1524இல் நாட்டைவிட்டுப் போனார். பிறகு திரும்பவேயில்லை. கொலோன் நகரில் அச்சடித்துக்கொண்டிருந்தபோது காட்டிக்கொடுக்கப்பட்டு, அச்சான தாள்களைத் தூக்கிக்கொண்டு வோர்ம்ஸுக்கு ஓடினார். 1526இல் அங்கே ஆங்கிலப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. துணிப்பொதிகளுக்குள் மறைத்து இங்கிலாந்துக்குக் கடத்தினார்கள். லண்டன் ஆயர் கிடைத்தவற்றையெல்லாம் பிடித்து எரித்தார். முதற்பதிப்பில் இன்று உலகில் மிஞ்சியிருப்பவை மூன்று பிரதிகள்.

ரின்டேல் செய்த பெரிய குற்றம் என்ன? சில சொற்கள். குருவானவர் என்று வழங்கிய இடத்தில் மூப்பர் என்று எழுதினார். பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய் என்று வழங்கிய இடத்தில் மனந்திரும்பு என்று எழுதினார். 'சேர்ச்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கொங்கிரிகேஷன்', அதாவது கூடியிருப்பவர்கள், என்று எழுதினார். சரிட்டிக்குப் பதில் லவ் என்று எழுதினார். என்னுடைய கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது.

தோமஸ் மோர் இதைக் கண்டு கொதித்தார். 1529இல் ரின்டேலுக்கு எதிராகப் பெரிய நூலொன்று எழுதினார். மோர் மூடரல்ல. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பெரிய அறிவாளிகளில் ஒருவர். அவருடைய வாதம் இதுதான்: ஒரு சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை, அதைத் தலைமுறை தலைமுறையாகப் பாவித்த மக்களிடம் இருக்கிறது. சேர்ச் என்றால் ஆங்கிலேயனுக்கு ஆயிரமாண்டு நம்பிக்கையின் வீடு. அதைக் கூட்டம் என்று சொன்னால் நீ சொல்லை மாற்றவில்லை, வீட்டை இடிக்கிறாய்.

ரின்டேலின் பதில்: கிரேக்கச் சொல்லுக்குக் கூட்டம் என்றுதான் பொருள். உம்முடைய நண்பர் எராஸ்மஸ் இலத்தீனில் அதையே எழுதியபோது நீர் வாயைத் திறக்கவில்லையே!

அப்போஸ்தலர் நடபடிகள் பத்தொன்பதாம் அதிகாரத்தில் எபேசு நகரத்தில் தியானாள் தேவதையைக் கும்பிடுகிறவர்கள் கூடிக் கூச்சல்போடும் இடத்திலும் அதே கிரேக்கச் சொல்தான் வருகிறது. அவர்களைச் சேர்ச் என்று ஒருவராலும் மொழிபெயர்க்க முடியாது. தமிழ்ப் பைபிளில் இதற்குச் 'சபை' என்கிறோம். நமக்குச் சபை என்றால் முதலில் மனிதர் கூடியிருப்பதுதான் நினைவுக்கு வரும். ஒரு சொல்லுக்காக இங்கிலாந்தில் மனிதர் செத்த இடத்தில், தமிழில் நாம் தகராறில்லாமல் நடந்துபோகிறோம்.

ஆனால் ரின்டேல் அந்தச் சொற்களை அகராதி பார்த்து மட்டும் எடுத்தாரா? இல்லை. குருமாரின் அதிகாரத்துக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையும் அவருடைய பேனாவில் இருந்தது. மோர் அதைச் சரியாகவே கண்டார். அதேநேரம் மோரும் சொல்லுக்காக மட்டும் சண்டைபோடவில்லை. ஓர் அமைப்பைக் காப்பாற்றச் சண்டைபோட்டார். இருவரும் அவரவர் மனச்சாட்சிப்படி நடந்தார்கள். இருவரும் அதற்கு உயிரைக் கொடுத்தார்கள். அரசனைத் திருச்சபைக்குத் தலைவனாக ஏற்க மறுத்ததற்காக 1535 யூலையில் மோரின் தலை வெட்டப்பட்டது. அந்த வருடமே அன்ற்வேர்ப்பில், நண்பன்போல் பழகிய ஓர் ஆங்கிலேயன் காட்டிக்கொடுத்து ரின்டேல் பிடிபட்டார்.

வில்வோர்ட் கோட்டைச் சிறையிலிருந்து ரின்டேல் இலத்தீனில் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. குளிருக்கு ஒரு தொப்பி, சூடான மேற்சட்டை, காலுறையை ஒட்டுப்போட ஒரு துண்டுத் துணி, இரவில் ஒரு விளக்கு கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேயப் பைபிளும் எபிரேய இலக்கணமும் அகராதியும் தரும்படி கேட்கிறார். 1536 ஒக்ரோபரில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள்.

*

இதன்பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்கவைத்தது. ரின்டேல் இறந்து ஒரு வருடம் ஆகுமுன், 1537இல், பெரும்பாலும் அவருடைய சொற்களையே கொண்ட ஒரு பைபிள் எட்டாம் ஹென்றி மன்னனின் அனுமதியோடு வெளிவந்தது. ரின்டேலின் பெயர் அதில் இல்லை. 1539இல் 'பெரிய பைபிள்' அச்சாகி ஆலயங்களில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டது. ஆனால் சனங்கள் வாசித்து, வாசித்ததைப்பற்றிச் சாராயக்கடைகளில் வாக்குவாதப்படத் தொடங்கியதும் அரசன் பயந்தான். 1543இல் ஒரு சட்டம் வந்தது. சாதாரணப் பெண்கள், கைவினைஞர், தொழில்பழகுவோர், வேலைக்காரர், கமக்காரர், கூலியாட்கள் பைபிளை ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடாது. உயர்குடிப் பெண்கள் தனியே இருந்து வாசிக்கலாம். நான்கு வருடத்தில் சட்டம் நீக்கப்பட்டது என்றாலும் அந்தப் பட்டியலை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். கோப்பை கழுவித் தொடங்கி இன்று மரக்கறி வெட்டும் மேசைவரை வந்திருக்கும் எனக்கும் அதில் இடமிருக்கிறது.

மேரி அரசியின் காலத்தில் தப்பியோடிய புரட்டஸ்தாந்து அறிஞர்கள் ஜெனீவாவில் இருந்து மொழிபெயர்த்தது 1560இன் ஜெனீவாப் பைபிள். அதுவும் அகதிகளின் வேலைதான். அதன் ஓரங்களில் நிறையக் குறிப்புகள். எபிரேய ஆண்குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் இட்ட கட்டளையை மருத்துவிச்சிகள் மீறிய இடத்தில், அவர்கள் அரசனுக்குக் கீழ்ப்படியாதது சரியே என்று ஒரு குறிப்பு. முதலாம் ஜேம்ஸுக்கு இதைக் கண்ணில் காட்டக்கூடாது. 1604இல் ஹம்ப்ரன் கோர்ட் மாநாட்டில் புதிய மொழிபெயர்ப்புக்கு உத்தரவிட்டபோது, சொற்பொருள் விளக்கம் தவிர வேறு ஓரக்குறிப்பு கூடாது என்று விதித்தான். பழைய திருச்சபைச் சொற்களை மாற்றக்கூடாது, சேர்ச் என்றே எழுதவேண்டும், கொங்கிரிகேஷன் என்று எழுதக்கூடாது என்பதும் ஒரு விதி.

நாற்பத்தேழு அறிஞர்கள், ஆறு குழுக்கள், ஏழு வருட முயற்சி. 1611இல் நூல் வந்தது. ஆங்கிலத்தின் பெருமை என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். 1998இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்ததில், அதன் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ரின்டேலின் சொற்களே என்று கண்டார்கள். மனந்திரும்பு என்பதும் மூப்பர் என்பதும்கூட நிலைத்துவிட்டன. சேர்ச் திரும்பிவந்தது. பவுலின் அந்த அதிகாரத்தில் லவ் போய்ச் சரிட்டி வந்தது. 1881இல் வெளிவந்த திருத்திய பதிப்பில்தான் அங்கே லவ் மீண்டது. ரின்டேலின் ஒரு சொல் வீடு திரும்ப இருநூற்று எழுபது வருடங்கள் சென்றன.

*

இனி என் கதை.

2011இல் தஞ்சம் கோரியபோது எனக்கு விசாரணை நடந்தது. எனக்கு ஆங்கிலம் போதாது; ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். வயதானவர், தமிழர், என்னைத் 'தம்பி' என்று மரியாதையாகக் கூப்பிட்டார். உங்கள் வீட்டுக்கு யார் யார் வந்துபோனார்கள் என்று அதிகாரி கேட்டார். "சமாதான காலத்தில பொடியள் வந்து போனவங்கள், அம்மா சோறு குடுத்தவ" என்றேன். பிறகு, இராணுவம் ஏன் பிடித்தது என்று கேட்டார். "பொடியளோட தொடர்பு எண்டு சொல்லித்தான் பிடிச்சவங்கள்" என்றேன்.

சில மாதங்களில் மறுப்புக் கடிதம் வந்தது. என் வாக்குமூலத்தில் முரண்பாடு இருக்கிறதாம். முதலில், வீட்டுக்குச் சிறுவர்கள் வந்து சாப்பிட்டுப் போனதாகச் சொன்னேனாம். பின்னர், ஆயுதம் தாங்கிய போராளிகளோடு தொடர்பிருந்ததாகச் சொன்னேனாம். இரண்டும் பொருந்தவில்லை, ஆகவே நம்பமுடியாது.

நான் சொன்னது இரண்டு இடத்திலும் ஒரே சொல். பொடியள். எங்கள் ஊரில் தெருவில் பந்தடிக்கும் பிள்ளைகளும் பொடியள், துவக்கோடு போனவர்களும் பொடியள். ஒரு தாய் அந்தச் சொல்லைச் சொல்லும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. அவர்கள் பந்தடித்ததையும் அவள் கண்டவள்.

மொழிபெயர்ப்பாளர் அந்த வித்தியாசத்தை அறியாமல் செய்தாரா, அல்லது முதலில் சிறுவர்கள் என்று சொன்னால் எனக்கு நல்லது என்று நினைத்து மனமறிந்து செய்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பல வருடங்கள் அவரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இந்த வரலாற்றைப் படித்தபிறகு அப்படித் திட்டமுடியவில்லை. 1611இன் மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் முன்னுரையில், மூலத்தின் ஒரு சொல்லுக்கு எப்போதும் ஒரே ஆங்கிலச் சொல்லையே போடவேண்டும் என்று தாங்கள் கட்டுப்படவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரே கிரேக்க வினைச்சொல்லுக்குச் சில வரிகளுக்குள் மூன்று விதமாக எழுதினார்கள். மொழியின் அழகுக்கு அது நல்லது. 1881இல் திருத்தியவர்களோ இயன்றவரை ஒன்றுக்கு ஒன்று என்று நின்றார்கள். அவர்களுடைய ஆங்கிலம் விறைத்துப்போயிற்று என்று குறைசொன்னார்கள். அழகு வேண்டுமா, ஒரே சொல் என்று தெரியவேண்டுமா? ஆலயத்தில் இருந்து கேட்கிறவனுக்கு முதலாவது போதும். ஒரு சொல்லின்மேல் தன் உயிரை வைத்திருப்பவனுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மொழிபெயர்ப்பவன் என் பக்கம் நிற்கவேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். அது சரியா? யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தமிழ்ப் பைபிள் வேலையில் உதவிசெய்தவர் ஆறுமுக நாவலர். அந்தப் பைபிள் 1850இல் வந்தது. நாவலர் அதற்குமுன்பே மிஷன் வேலையை விட்டு, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். தான் நம்பாத ஒரு வேதத்துக்கு நல்ல தமிழ் தேடிக்கொடுத்தார். அதை மறுக்கவேண்டியபோது தன் சொந்தப் பெயரில், வேறு புத்தகங்களில் மறுத்தார். ஆகவே நம்பிக்கையோ அனுதாபமோ நல்ல மொழிபெயர்ப்புக்குக் கட்டாயமில்லை. வேறொன்று கட்டாயம்.

*

அந்த வேறொன்று என்ன என்பதைப் பின்வந்த காலம் காட்டுகிறது.

1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென்று ஒரு பைபிள் அச்சிட்டார்கள். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் இல்லை. மோசே தன் சனங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்டுபோன கதை இல்லை. இருந்த சொற்களில் பிழை எதுவும் இல்லாமலே அது பொய்யான பைபிள். எடுத்தது எது என்று வாசிக்கிறவனுக்குத் தெரியவிடாததே அதன் பொய்.

1946இல் அமெரிக்காவில் வந்த திருத்திய புதிய ஏற்பாட்டில், ரோமர் பதினாறாம் அதிகாரத்தில் பவுல் வாழ்த்தும் யூனியா என்ற பெண், யூனியாஸ் என்ற ஆணாகிவிட்டாள். பெண்ணொருத்தியை அப்போஸ்தலரோடு சேர்த்துப் பேசியிருக்கமுடியாது என்று நினைத்தார்கள் போலும். 1611இன் பதிப்பில்கூட அவள் பெண்தான். 1989இன் புதிய திருத்தத்தில் அவளை மீண்டும் பெண்ணாக்கினார்கள். அதே பதிப்பில், பவுல் 'சகோதரரே' என்று விளிக்கும் பல இடங்களில் 'சகோதர சகோதரிகளே' என்று எழுதி, கிரேக்கத்தில் சகோதரர் என்றுதான் இருக்கிறது என்று அடிக்குறிப்பில் சொல்லிவிட்டார்கள். சரியோ பிழையோ, வாசகன் மறுக்க இடம்விட்டிருக்கிறார்கள்.

1952இல் அந்த அமெரிக்கத் திருத்தத்தின் முழுப் பைபிளும் வந்தபோது, ஏசாயாவில் கன்னி என்பதற்குப் பதில் இளம்பெண் என்றிருந்தது. வட கரோலினாவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கொளுத்தினார். நல்லவேளை, பக்கத்தோடு நின்றது. 1536இல் மனிதனை எரித்தார்கள். கொளுத்தப்பட்ட அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பில் 'அல்லது கன்னி' என்று அச்சிட்டே இருந்தது. அவர் தேடிய சொல் அங்கேதான் இருந்தது.

ஓரக்குறிப்பு என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. ஜேம்ஸின் அறிஞர்கள் அரசனின் விதிக்குக் கட்டுப்பட்டு, அவன் கேட்ட சொல்லை உள்ளே வைத்தார்கள். ஆனால் சொற்பொருள் விளக்கத்துக்கு அவன் விட்ட சின்ன இடைவெளியில், பக்கத்துக்குப் பக்கம், இதை இப்படியும் சொல்லலாம் என்று எழுதினார்கள். இப்படிச் செய்தால் சனங்களுக்கு வேதத்தின்மேல் சந்தேகம் வராதா என்று சிலர் கேட்பார்கள் என்பதை முன்னுரையில் அவர்களே எழுப்பி, நிச்சயமில்லாததை நிச்சயம்போலக் காட்டுவதிலும் சந்தேகத்தை ஒத்துக்கொள்வது நல்லது என்று பதில் சொன்னார்கள். பிற்காலப் பதிப்புகளில் பெரும்பாலும் அந்த முன்னுரையை விட்டுவிட்டு அச்சடித்தார்கள். அந்தத் தேவாலயத்துக் கறுப்புப் பைபிளிலும் அது இல்லை.

மொழிபெயர்ப்பவன் தெரிந்தெடுக்காமல் இருக்கமுடியாது. எழுபத்திரண்டு பேரும் ஒன்றையே எழுதினார்கள் என்பது கதையில் மட்டும் நடக்கும். அவன் தவறாகத் தெரிந்தெடுக்கலாம், ஜெரோமும் தவறியிருக்கிறார். அதை மன்னிக்கலாம். இன்னொரு சொல் இருந்தது என்பதை மறைப்பதுதான் என்னால் மன்னிக்கமுடியாதது. ஏனென்றால் அப்போது அந்தச் சொல்லோடு வாழவேண்டியவன் வாயில்லாதவனாகிவிடுகிறான்.

என்னுடைய மேன்முறையீட்டில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார், ஒரு பெண். நான் மறுபடியும் பொடியள் என்றேன். அவர் உடனே மொழிபெயர்க்கவில்லை. நீதிபதியிடம் அனுமதி கேட்டு, இந்தச் சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் இரண்டு பொருள் உண்டு, எதை இவர் கருதுகிறார் என்பதை என்னால் தீர்மானிக்கமுடியாது, இவரையே கேட்கவேண்டும் என்றார். எனக்காக அவர் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. நீதிபதி தன் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல என்னிடம் ஒருவர் கேட்டார். நான் சொன்னேன். நேரம் எடுத்தது. அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டியிருந்தது.